கட்டைவிரல் பதிந்த மாவு

அத்தை,

'அன்புள்ள' என்று போட்டுத் தொடங்கலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை. பொய்யாக எழுதுவானேன்? உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. இன்று காலை அது மறுபடி கிளம்பிவிட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் பெரிய மகனின் பேரன் வந்திருந்தான். ஓசூரில் வண்டிக்குப் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தான். கையில் பளபளவென்று ஒரு பொட்டலம். "சின்னாயா, பெங்களூரு கடையில வாங்கினேன். இத்தாலி ஐட்டம். நீ அந்தக் காலத்துலயே இத செஞ்சேன்னு அப்பா சொன்னாரு. எங்க, செஞ்சி காட்டு பாக்கலாம்" என்றான்.

பொட்டலத்தைப் பிரித்து முறத்தில் கொட்டினேன். சோழி மாதிரி சின்னச் சின்ன மாவுத் துண்டுகள், நடுவில் குழிந்தவை. ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே குழி. இயந்திரம் போட்ட குழி. அந்தக் குழிக்குள் வரி எதுவும் இல்லை. நீங்களாக இருந்தால் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு செஞ்சது இது?" என்று கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் எனக்கு இரண்டு வழியில் அத்தை. முதலில் என் அப்பாவின் கூடப்பிறந்தவர். பிறகு உங்கள் சின்ன மகனை எனக்குக் கட்டி வைத்ததால் மாமியார். அந்த இரட்டை உரிமையில்தான் கேட்கிறேன். அவரை ஒரே ஒரு தடவை, "உள்ற வாடா" என்று கூப்பிட்டிருக்கக் கூடாதா? அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் ஏரிக்கரைப் புங்க மரத்தடியில் எத்தனை பொழுது உட்கார்ந்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஜன்னலிலிருந்து அந்த மரம் தெரியும்.

அவர் என்ன தப்புச் செய்தார்? சண்டைக் காலத்தில் ஊரில் விளைச்சல் இல்லை என்று பெங்களூருக்கு வேலை தேடிப் போனார். அங்கே பிடித்து அடைத்து வைத்திருந்த இத்தாலிக்காரச் சிப்பாய்களின் முகாம் ஒன்றில், சமையல் கொட்டகையில் எடுபிடி வேலை கிடைத்தது. சண்டை முடிந்து, அவர்கள் எல்லாரும் கப்பலேறிப் போன பிறகு, இவரும் ஒரு காக்கிக் கோட்டோடு திரும்பி வந்தார். நீங்கள் ஆசையாக ஆரத்தி எடுத்தீர்கள். அடுத்த தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தீர்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாரியம்மன் திருவிழாவில் வந்தது வினை. அந்த முகாமுக்கு வைக்கோல் வண்டி ஓட்டிக்கொண்டு போன நம் ஊர்க்காரன் ஒருவன், கூட்டத்தில் நின்றுகொண்டு, "இவன் அங்க மாட்டுக்கறி அறுத்தான், நான் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவிட்டான். நீங்கள்தான் முன்னால் வந்து கேட்டீர்கள்.

"தொட்டியாடா?"

"தொட்டேன்மா. அறுக்கச் சொன்னாங்க, அறுத்தேன். வேல அது. தின்னல."

"தொட்டியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"தொட்டேன்."

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. வைக்கோல்காரனை யாரும் பெரிதாக நம்பியிருக்கமாட்டார்கள். ஆனால் அம்மனுக்கு முன்னால், பெற்றவள் கேட்கும்போது பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பிள்ளையை அப்படி வளர்த்தவரும் நீங்கள்தானே?

அன்றைக்கே ஊர்க்கூட்டம் கூடித் தீர்த்துவிட்டது. அவர் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. பெற்ற வீட்டு வாசற்படியை அவர் மிதிக்கக் கூடாது. 'பொம்பளை என்ன செய்வாள், பாவம்' என்று எனக்கு மட்டும் ஒரு சலுகை. கிணற்றடியில் குளித்து, ஈரத் துணியோடு உங்கள் வீட்டுக்குள் வந்து போகலாம். நாங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம், கொல்லைமேட்டில் குடிசை போட்டுக்கொண்டோம். நான் தினம் ஒரு தடவை குளித்துவிட்டு உங்களைப் பார்க்க வருவேன். தையில் நம் ஓசூர், தளிப் பக்கத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பற்கள் கிட்டிக்கொள்ள நான் உங்கள் அடுப்பங்கரையில் நிற்பேன். நீங்கள் அடுப்பில் இன்னும் ஒரு விறகைத் தள்ளுவீர்கள்.

பிறகுதான் மழை பொய்த்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு வருஷம் இல்லை, தொடர்ந்து. ஏரி வெடித்துக் கிடந்தது. ராகி முழங்கால் உயரம்கூட வராமல் கருகியது. ராகியோடு ஊடாகப் போட்ட அவரை மட்டும் பனிக்கே பூத்துப் பனிக்கே காய்த்தது. உங்கள் பெரிய மகன், எங்கள் மூத்தவர், மிச்சமிருந்த மாடுகளையும் பெண்டு பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு, மைசூர்ச் சீமைப் பக்கம் புல் தேடிப் போனார். உங்களையும்தான் கூப்பிட்டார். "ஊட்ட யாரு பாக்கறது? குதிருல வெத ராகி இருக்குது. அத எலி தின்னுச்சின்னா அடுத்த வருசத்துக்கு என்னா பண்ணுவீங்க?" என்று சொல்லி நீங்கள் தங்கிவிட்டீர்கள். விதை ராகியைக் காவல் காத்தீர்களே தவிர, அதில் ஒரு பிடி எடுத்துக் களி கிண்டித் தின்னவில்லை. அந்த வைராக்கியத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லாமல் அடுத்த வருஷம் யாருக்கும் விதை இருந்திருக்காது.

ரேஷன் கடையில் அரிசி இல்லை. கோதுமை போட்டார்கள். ராகி தின்று வளர்ந்த ஊருக்குக் கோதுமையை என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் அதை உடைத்துக் கூழாகக் காய்ச்சினார்கள். நானும் உங்களுக்கு அப்படித்தான் காய்ச்சிக் கொடுத்தேன். நீங்கள் ஒரு வாய் வைத்துவிட்டு, "செவுத்துல நோட்டீஸ் ஒட்றதுக்குக் காச்சினியா?" என்றீர்கள். அடுத்த வாய் உள்ளே போகவில்லை. போனதும் தங்கவில்லை. ஒரு வாரத்தில் உங்கள் கன்னம் ஒட்டிவிட்டது. கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தீர்கள். நான் கொல்லைமேட்டுக்குத் திரும்பி, "உங்கம்மா செத்துடுவாங்க" என்று அவரிடம் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் எழுந்துபோய்ப் பரண்மேல் இருந்த காய்ந்த அவரைக் கொட்டையை ஒரு பிடி எடுத்து ஊறப்போட்டார். அதுதான் தொடக்கம்.

முகாமில் பெப்பே என்று ஒரு சமையல்காரன் இருந்தானாம். மாமிசம் வராத நாட்களில் அவன் ஒரு கஞ்சி காய்ச்சுவான். பயறும் மாவுத் துண்டும் போட்டது. அதற்குப் 'பஸ்தா பசூல்' என்று பெயர். நம் வாயில் அது 'பசூல்' என்றே நின்றுவிட்டது. "அவங்க ஊர்ல இது கறி வாங்க வக்கில்லாதவங்க சாப்பாடுடி. மழை பேயாத வருசத்துல அவனும் இத தின்னுதான் வளந்தானாம். வயசானவங்களுக்கு வயித்துல தங்கும்" என்று இவர் சொன்னார். நான் நம்பவில்லை. கோதுமைக் கூழையே தாங்காத வயிறு, வெள்ளைக்காரன் கஞ்சியையா தாங்கப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்பை ஊதினேன்.

முதல் தடவை நான் கை வைத்துக் காரியத்தைக் கெடுத்தேன். ஊறின அவரையைப் பார்த்ததும் நம் பக்கத்துப் பெண்பிள்ளைக்குக் கை என்ன செய்யும்? உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கிப் பருப்பை வேறாக எடுத்து வைத்துவிட்டேன், பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு எடுப்பது போல. அவர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தோலு இருந்தாத்தான்டி கெட்டியாவும். தோலையெல்லாம் கோழிக்குப் போட்டுட்டியே" என்று சிரித்தார். பஞ்சத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் முழுக்க அவரே செய்தார். அவரையைத் தோலோடு மண்பானையில் வேகவிட்டார். நன்றாகக் குழைந்ததும் பாதியை எடுத்து மத்தால் கடைந்து திரும்ப ஊற்றினார். வெங்காயமும் பூண்டும் கடலை எண்ணெயில் வாட்டினார். அங்கே ஏதோ ஒரு தண்டுக்கீரை போடுவார்களாம். இங்கே கொத்தமல்லித் தண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டார். எங்கேயோ போய் இரண்டு தக்காளியும் கொண்டுவந்தார். கடுகு தாளிக்கட்டுமா என்று கேட்டேன். "வாய மூடிக்கினு இரு" என்றார்.

அந்த மாவைத்தான் சொல்ல வேண்டும். ரேஷன் கோதுமையைத் திரிகையில் அரைத்து, சலித்து, உப்பும் வெந்நீரும் விட்டு அடித்துப் பிசைந்தார். கயிறு மாதிரி உருட்டினார். அவரைக்கொட்டை அளவு துண்டு போட்டார். பிறகு ஒவ்வொரு துண்டையும் பலகைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு இழு இழுத்தார். துண்டு சுருண்டு சோழியாயிற்று. அந்தக் குழிக்குள் அவரைக் கஞ்சி போய் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்காம். சின்ன வயதில் ராகிக் கல்லில் மாட்டி அவருடைய வலது கட்டைவிரல் நசுங்கியதும், நகம் இரண்டாகப் பிளந்து அப்படியே வளர்ந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மஞ்சள் வைத்துக் கட்டியதே நீங்கள்தான். அதனால் அவர் அழுத்திய ஒவ்வொரு சோழியின் நடுவிலும், மெல்லிசாக ஒரு வரி எழும்பி நின்றது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

மாவுத் துண்டுகளைக் கடைசியாகக் கஞ்சியில் போட்டு வேகவிட்டு, இறக்கி, மூடி வைத்தார். "உடனே ஊத்தக் கூடாது. ஆறணும். கரண்டி நட்டா நிக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஆக்கினேன்னு சொல்லு" என்றார். அம்மனுக்கு முன்னால் பொய் சொல்லாத மனிதர், உங்கள் வயிற்றுக்காக என்னைப் பொய் சொல்லச் சொன்னார். எனக்கென்ன, நான் நூறு பொய் சொல்லுவேன்.

கிணற்றில் தண்ணீர் பாதாளத்தில் இருந்தது. ஒரு சொம்பு மட்டும் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

"யாரு ஆக்கினது?"

"நாந்தான் அத்த."

"குளிச்சிட்டா?"

"குளிச்சிட்டுத்தான். தனிப் பான."

நீங்கள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஒரு சோழியை எடுத்துத் திருப்பினீர்கள். வெளிச்சம் படும்படி ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தீர்கள். காணாததைக் கண்ட மாதிரி என்ன பார்வை என்று நான் உள்ளுக்குள் அலுத்துக்கொண்டேன். பிறகு வாயில் போட்டீர்கள். பல்லில்லாத வாயால் வெகுநேரம் மென்றீர்கள். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றீர்கள். நான் ஓடிவந்து அவரிடம் சொன்னேன். மறுநாள் உப்பைக் கொஞ்சம் தூக்கிப் போட்டார்.

அப்படியே அந்தப் பனிக்காலம் போயிற்று. நாள் தவறாமல் பானை வந்தது. உங்கள் வளையல் மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "ஊட்டா ஆயித்தா?" என்று சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கும்போது, "ஆயித்து, ஆயித்து. எங்கண்ணன் மவ கொண்டாந்துட்டா" என்று உரக்கச் சொல்லுவீர்கள். ஊருக்குக் கேட்கிற மாதிரி. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. எனக்காக அல்ல, ஊருக்காகச் சொல்கிறீர்கள் என்பது புரிய நாளாயிற்று.

ஒருநாள் அவர் வேலிக்கு முள் வெட்டும்போது கொடுவாள் வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. எலும்பு தெரிந்தது. துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, அன்றைக்கு மாவை நான் அழுத்தினேன். கஞ்சி எல்லாம் அவர் சொல்படிதான். உப்பு, பூண்டு, கெட்டி, எதிலும் மாற்றமில்லை. நாக்கால் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் வழக்கம்போல ஒரு சோழியை எடுத்துத் திருப்பினீர்கள். இன்னொன்றை எடுத்தீர்கள். கிண்ணத்தைக் கிளறி இன்னும் ஒன்று.

"அவன் கைக்கு என்னாச்சி?" என்றீர்கள்.

மாட்டிக்கொண்டோம், இனி கிண்ணம் பறக்கப் போகிறது என்று நினைத்தேன். "கேக்கறேன் இல்ல, சின்னவன் கைக்கு என்னாடி ஆச்சி?" என்று அதட்டினீர்கள். கொடுவாள் இறங்கியதைச் சொன்னேன். "ஆழமா? சீழ் வெக்கலியே? வேப்பலையும் மஞ்சளும் அரச்சி வெச்சிக் கட்டு. ஈரம் படாம பாத்துக்க" என்றீர்கள். பிறகு அந்த வரியில்லாத சோழிகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு முடித்தீர்கள். முதல் நாளிலிருந்தே தெரியும் உங்களுக்கு. யார் ஆக்கினது என்று கேட்டது என் பதிலை நம்புவதற்காக அல்ல. ஊருக்குச் சொல்லப் பதில் ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காக.

அன்றைக்கு நான் ஏரியைச் சுற்றிப் போகவில்லை. வெடித்த ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே ஓடினேன். அவரிடம் சொன்னபோது, "திட்டினாளா?" என்றார்.

"இல்ல. சாப்ட்டாங்க. தெரிஞ்சேதான் இத்தன நாளும் சாப்ட்டிருக்காங்க."

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முதுகு குலுங்கியது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன். மறுநாள், நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கட்டை அவிழ்த்துவிட்டு அந்தப் புண் விரலாலேயே மாவை அழுத்தினார். அதற்கடுத்த நாள் காக்கிக் கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்தார். கூப்பிடுவீர்கள் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது.

நீங்கள் கூப்பிடவில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். "அவரு கை சோறு உள்ள போவுது, அவரு வரக் கூடாதா? இது எந்த ஊரு நாயம் அத்த?" என்று கத்தினேன். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். "பெரியவன் பொண்ணுக்குப் பாரூர்ல பேசிக்கினு இருக்காங்க. ஏரிப் பாசனத்து ஊடு. நெல்லு சோறு. அது இந்த வறண்ட ஊருல கெடந்து சாவணுமா? நான் இவன உள்ற உட்டன்னு தெரிஞ்சா, அந்தப் பொண்ண எவன் கட்டுவான்?" நீங்கள் எழுந்து போகும்போது, இன்றுவரை என் காதில் இருக்கிற அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். "வயிறு என்னுது. அவனுக்கே குடுத்துட்டேன். வாசப்படி ஊரோடதுடி."

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. "உடம்பு கொஞ்சம் தேறட்டும்னு பாக்கறாங்க" என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பானை போய்க்கொண்டிருந்தது. அவர் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டிருந்தார். ஜன்னலை நீங்கள் சாத்தவும் இல்லை.

மழை வந்தது. மூத்தவரும் மாடுகளோடு திரும்பி வந்தார். மாடு பாதிதான் மிஞ்சியிருந்தது. வீட்டில் ஆள் வந்துவிட்டதால் பானை நின்றது. புதுத் தண்ணீருக்கு ஊரில் காய்ச்சல் வந்தபோது உங்களையும் அது பிடித்துக்கொண்டது. பஞ்சத்தைத் தாண்டி வந்த உடம்பு, மழையைத் தாண்டவில்லை. நீங்கள் போன நாள் காலையில், பறை அடிக்கிற சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டது. அவர் எழுந்துபோய்ப் பானையில் கை விட்டு ஒரு பிடி மாவு எடுத்தார். பிசைந்து, ஒரே ஒரு துண்டு கிள்ளி, பலகையில் வைத்து அழுத்தினார். வேகவைக்கவில்லை. என் கையில் வைத்தார். "என்ன உள்ள விடமாட்டாங்க. வாய்க்கரிசியோட இதையும் சேத்துப் போட்டுடு" என்றார்.

ஆனாலும் மனசு கேட்காமல் பின்னாலேயே வந்தார். வாசலில் பங்காளிகள் குறுக்கே நின்றார்கள். "நில்லுடா அங்கயே" என்று மூத்தவர் சொன்னது தெருவுக்கே கேட்டது. மாதக்கணக்கில் உங்கள் வாயில் சோறு போட்ட மகன், உங்கள் வாயில் நாலு அரிசி போடக் கூடாது என்று தள்ளி நிறுத்தப்பட்டார். "அவங்க உசுர் பொழச்சதே இவரு..." என்று தொடங்கிவிட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அங்கிருந்தே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. நான் அழுகையோடு சேர்த்து மிச்சத்தை விழுங்கினேன். "சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னிருக்கும். அம்மா எதுக்காக இத்தன நாளும் வாய மூடிக்கினு தின்னாளோ, அது வீணாப் போயிருக்கும்" என்று பிறகு சொன்னார். வாசற்படியின் சங்கதி அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும்தான் கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார்.

என் முறை வந்தது. பிடியரிசிக்குள் அந்தச் சோழியை மறைத்துக்கொண்டு உங்கள் முகத்தருகே குனிந்தேன். வாயைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். போட்ட அரிசி எல்லாம் உதட்டில் பட்டுச் சரிந்தது. சோழியும் சரிந்து கழுத்து மடிப்பில் விழுந்தது. யாருக்கும் தெரியாமல் அதை முந்தானைக்குக் கீழே, உங்கள் நெஞ்சின்மேல் தள்ளிவிட்டேன். அதோடுதான் உங்களை மண்ணில் வைத்தார்கள். வாய்க்குப் போகாததற்கு நான் பொறுப்பல்ல, அத்தை. நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பாரூர்ச் சம்பந்தம் நடந்தது. எங்களுக்கு அழைப்பில்லை. கல்யாண வண்டிகள் போகும்போது அவர் பாதையோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பெண் நெல்லுச் சோறு தின்று நன்றாகத்தான் வாழ்ந்தாள். வருஷங்கள் ஓடின. கம்பெனிகள் வந்தன, கொல்லைமேடு போயிற்று, ஊர்க்கூட்டம் போட்டவர்களின் பிள்ளைகள் ஒரே கேண்டீனில் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். மூத்தவருக்கும் தலை நரைத்தது. ஒரு பொங்கலுக்கு அவரே வந்து, "பழசெல்லாம் எதுக்குடா? வீட்டுக்கு வா" என்று தம்பியின் கையைப் பிடித்தார். இவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் எழவும் இல்லை. "கூப்பிட வேண்டியவ கூப்பிடலியே, அண்ணா" என்று மட்டும் சொன்னார். சாகும்வரை அந்த வாசற்படியை அவர் மிதிக்கவில்லை. பிடிவாதத்தில் உங்கள் மகன்தான். அவர் போனபோது நான் பிடியரிசியோடு ஒரு சோழி அழுத்திப் போட்டேன். என் கட்டைவிரல், வரி இல்லாத சோழி. அவர் வாயைக் கட்டுவதற்கு முன்னாலேயே போட்டுவிட்டேன்.

இன்றைக்கு இந்தப் பையன் என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? போன வாரம் பெங்களூரில் கூட்டாளிகளோடு மாட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டானாம். "சூப்பர் சின்னாயா" என்கிறான். சாப்பிட்டுவிட்டு நேரே உங்கள் வீட்டுக்குள்தான் போயிருக்கிறான். உங்கள் மாடத்து விளக்குக்கு எதிரே படுத்துத் தூங்கியிருக்கிறான். யாரும் ஒரு சொம்பு தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றாகத் தின்னட்டும். ஆனால் சிரித்துக்கொண்டு அவன் அதைச் சொல்லும்போது, எனக்குப் புங்க மரம்தான் ஞாபகம் வந்தது. சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பொட்டலத்து மாவை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரவே ஊறப்போட்ட அவரை இருந்தது. கோதுமை மாவு பிசைந்தேன். விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது, ஆனாலும் அந்த இழுப்பு மட்டும் மறக்கவில்லை. அவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "இதுல கறி போட்டா இன்னும் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பானையில் மிச்சம் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கெட்டியாகியிருக்கும்.

எனக்கும் வயசாகிவிட்டது, அத்தை. நான் வரும்போது உங்களிடம் சண்டை போடத்தான் வருவேன், இப்போதே சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் நீங்கள் செய்ய வேண்டும். அங்கேயும் அவர் எங்காவது ஒரு மரத்தடியில், துவைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு நன்றாகத் தெரியும், கூப்பிடாமல் வரமாட்டார். அங்கே ஊர்க்கூட்டம் இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணும் இல்லை. எழுந்து போய்க் கூப்பிடுங்கள்.